குங்குமத்துக்கு மாஸ்கிங் டேப்

என்னை உட்காரச் சொல்லாதீர்கள். இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் எனக்கு உட்கார வராது. புதிதாகச் சேர்ந்த சர்வேயர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று உங்கள் மேனேஜர் கூப்பிட்டார். விபத்துக் கணக்கு, தேய்மானக் கணக்கு என்று பேசுவேன் என நினைத்திருப்பார். அதெல்லாம் பயிற்சியில் தானாக வரும். நான் பேச வந்தது உங்கள் பையில் கிடக்கிற அந்த அழுக்குத் துணியைப் பற்றி.

ஆமாம், துணிதான். இன்ஷூரன்ஸுக்காக வண்டி பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் பையில் ஒரு துணி வைத்திருக்கிறோம். பானட்டைத் திறக்கிறோம். சேஸிஸ் நம்பர் கொத்தியிருக்கும் இடத்தைப் பெட்ரோல் தொட்டு அழுத்தித் துடைக்கிறோம். மேலே காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண்கள் எழும்பி வருகின்றன. அந்தப் பென்சில் பிரிண்ட்டை ரிப்போர்ட்டில் ஒட்டிவிட்டால் வண்டி யாருடையது என்று தெரிந்துவிட்டதாக ஒரு நிம்மதி. தெரிந்தது நம்பர் மட்டும்தான் ஐயா. அந்த நம்பர் அந்த இரும்போடு பிறந்ததா என்று பிரிண்ட் சொல்லாது. சொல்லக்கூடிய சாட்சி ஏதாவது அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் அதை நீங்கள்தான் முதலில் துடைத்துப் போடுகிறீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின புரட்டாசியில் நடந்தது. செம்பூரில் ஒரு தோல் டாக்டர். பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். தமிழ் பேசுவார், படிக்க வராது. பழைய கார்கள் மேல் பித்து. ஐம்பதுகளில் வந்த ஒரு சின்னக் காரை வாங்கிப் புதுசுபோலச் செய்து வைத்திருந்தார். அதன் மூக்கைப் பார்த்து பம்பாய்க்காரர்கள் அந்த மாடலுக்கே 'டுக்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மராத்தியில் பன்றி. திட்டு இல்லை, செல்லம். அதை இன்ஷூரன்ஸ் செய்ய, வண்டி அசல்தான் என்று என் கையெழுத்து வேண்டும். ஆயுத பூஜை அன்று வெளியே எடுத்தாக வேண்டும் என்று அவருக்கு ஒரே பரபரப்பு.

"அங்கிள், இதோட ஒரிஜினல் ஓனர் மாட்டுங்கால இருந்த ஒரு மாமா. அவர் போயிட்டார். மாமிகிட்ட இருந்துதான் புரோக்கர் எடுத்தான். பூஜை அன்னிக்கு மாமிய ஃபர்ஸ்ட் ரைடு கூட்டிட்டுப் போறேன்னு ப்ராமிஸ் பண்ணியிருக்கேன். அன்னிக்கே டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல சைன் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. செம எமோஷனலா இருக்கும், இல்ல?"

நல்ல மனிதர்தான். நானும் தலையாட்டிவிட்டுப் பானட்டைத் தூக்கினேன். உள்ளே அப்படி ஒரு சுத்தம். வெறும் இரும்பு வரை சுரண்டி, மறுபடி பெயிண்ட் அடித்திருந்தார்கள். எஞ்சினுக்கும் உட்காருகிற இடத்துக்கும் நடுவே இருக்கும் இரும்புச் சுவரில் கம்பெனித் தகடு ரிவெட் அடித்திருந்தது. அதன் கீழே நம்பர் கொத்தியிருந்தது. துணியை எடுத்துக் கையை நீட்டிவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், எண்களின் பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. சந்தனம். தகட்டின் மூலையில் மங்கிப்போன ஒரு குங்குமப் பொட்டு.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது பானட்டைத் திறந்து உள்ளேயும் வைக்கிற வீடுகள் உண்டு. அதில் அதிசயம் இல்லை. வண்டி முழுவதையும் எலும்பு வரை சுரண்டியவன் உள்ளங்கை அகல இடத்தை மட்டும் ஏன் தொடவில்லை என்பதுதான் கேள்வி. அந்த இடத்தைச் சுற்றிப் பெயிண்ட் சதுரமாக, நேர்கோட்டில் நின்றிருந்தது. டேப் ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடித்து, பிறகு டேப்பை உரித்த கோடு. பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன். சதுரத்தின் நடுவில் கப்பென்று பிடித்தது. நான்கு ஓரத்திலும் பிடிக்காமல் வழுக்கியது. பெயிண்டுக்குக் கீழே காந்தம் பிடிக்காத பட்டியைப் பூசி வெல்டிங்கை மறைத்திருக்கிறார்கள். நம்பரும் தகடும் இருந்த துண்டை வேறொரு காரிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து இதில் பதித்திருக்கிறார்கள்.

துடைக்காமலேயே பென்சில் பிரிண்ட் எடுத்தேன். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணோடு ஓர் எழுத்துப் பிசகாமல் பொருந்தியது. பானட்டை மூடினேன், அங்கே நிற்க முடியவில்லை. காரணம் அந்த மோசடி மட்டும் இல்லை. பம்பாயில் ஆயிரம் டிங்கர்கள் இருக்கலாம். குங்குமத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுகிற டிங்கர் ஒருத்தன்தான். என் தங்கச்சி பேச்சியின் புருஷன், தாராவியில் கடை போட்டிருக்கும் சுடலை. ஒரு டெம்போ பம்பரில் யாரோ கட்டியிருந்த அழுகின எலுமிச்சம்பழத்தைக் கழற்ற மாட்டேன் என்று அதைத் தொங்கவிட்டபடியே ஒடுக்கு எடுத்த ஆள் அவன். தாராவியே சிரித்தது.

"ரிப்போர்ட் தர ரெண்டு நாள் ஆகும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டாக்ஸி பிடித்துத் தாராவிக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன். வண்டிக்குள் இருப்புக்கொள்ளவில்லை. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தேன். வழியில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள், பதில் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

சுடலை பூஜைக்காகக் கடையைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், போன் கூடப் பண்ணாம? மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு?"

"செம்பூர் டாக்டர் வண்டி நீயா செஞ்ச?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"குங்குமத்தச் சுரண்டலேல்லா நீ."

சிரித்தான். பெருமையாகச் சிரித்தான், மடையன். "சாமிக்கு வச்சத நான் எப்படி மச்சான் சுரண்டுவேன்?"

"அந்த இரும்ப வெட்டி இன்னொண்ணுல ஒட்டலாமோ?"

சிரிப்பு நின்றது. குழாயை மூடிவிட்டு வந்து சொன்னான். புரோக்கர் இரண்டு வண்டி கொண்டுவந்திருக்கிறான். ஒன்று மாட்டுங்கா மாமி வீட்டுக் கார். மழையில் நின்று நின்று தரையெல்லாம் பொடிந்துபோனது, ஆனால் ஆர்.சி. இருக்கிறது. மற்றது எங்கிருந்தோ வந்தது. உடம்பு கல்லுமாதிரி இருக்கிறது, ஒரு காகிதமும் இல்லை.

"பேப்பர் உள்ளது மக்கிப் போச்சு, மக்காததுக்குப் பேப்பர் இல்ல. ரெண்டையும் ஒண்ணாக்குன்னான். ரிப்பேர்தான மச்சான்? கதவு மாத்துதோம், தரை மாத்துதோம், இஞ்சினே மாத்துதோம். இது மட்டும் என்ன லஃப்டா, என்ன தப்பு?"

இந்தக் கேள்வியை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள். அதனால் இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். பழைய காரில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ.விடம் சொல்ல வேண்டும். நம்பர் துருப்பிடித்து அழிந்துபோனால் அவர்கள் அனுமதி கொடுத்து மறுபடி கொத்த வழி இருக்கிறது. வண்டியைப் பங்காருக்கு, அதாவது பழைய இரும்புக்குப் போட்டால் ஆர்.சி.யைத் திருப்பிக் கொடுத்து, நம்பர் துண்டையும் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. அந்தக் கதவு வழியாகப் போக முடியாதவன்தான் துண்டை வெட்டி ஒட்டுகிறான். அவனால் ஏன் போக முடியவில்லை என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு காரின் பாகங்களை வருஷக்கணக்காக மாற்றிக்கொண்டே வந்தாலும் அது அதே வீட்டுக் கார்தான். ஒருவர் காருக்கு இன்னொருவர் காரின் பெயரை வைத்தால் அது ரிப்பேர் இல்லை, ஆள்மாறாட்டம்.

சுடலையிடம் இவ்வளவு நாசூக்காக எல்லாம் சொல்லவில்லை. "இது போலீஸ் கேஸுலே கூமுட்டை" என்றேன். அவன் அப்படியே தகரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"சத்தியமா எனக்குத் தெரியாது மச்சான். பேச்சிட்ட சொல்லிராதிய."

பேச்சி ஏற்கெனவே பின்கதவில் நின்றுகொண்டிருந்தாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. டீ கொண்டுவந்தவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அண்ணே, நீ கையெழுத்துப் போட்டா இது இதோட முடிஞ்சுது, இல்லியா?"

"முடிஞ்சுரும்."

"போடலேன்னா இவர உள்ள வைப்பானுவ. கடைய இழுத்து மூடுவானுவ. நான் என் புள்ளையளக் கூட்டிட்டு எங்க போவேன்? உன் வீட்டுக்கா?" டம்ளரை என் முன்னால் நங்கென்று வைத்தாள். "யோசிச்சுச் சொல்லு. குடி மொதல்ல."

குடிக்கவில்லை. தெருவுக்கு வந்தேன். அதற்குள் டாக்டரின் போன். காந்தம் வைத்துப் பார்த்ததை அவர் பார்த்திருக்கிறார். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். 

"அங்கிள், நான் ஏமாந்துட்டேன், ஓகே. பட் இப்ப யாருக்கு லாஸ்? புரோக்கருக்குப் பணம் கிடைச்சாச்சு, டிங்கருக்குக் கூலி கிடைச்சாச்சு. ஆர்.சி. ஒரிஜினல். அந்த மாமியே சந்தோஷமா சைன் பண்றாங்க. எல்லாரும் ஹேப்பி. நீங்க மட்டும் ஏன் இவ்ளோ லோட் எடுத்துக்கறீங்க?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தென்படவில்லை. அதுதான் ஆத்திரமாக இருந்தது. போனை வைத்துவிட்டு அங்கேயும் இங்கேயும் நடந்தேன். ஒரு பக்கம் தங்கச்சி, மறுபக்கம் எவன் வீட்டு இரும்போ. எவன் என்றே தெரியாத ஒருத்தனுக்காக என் தங்கச்சி குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவதா? சரி, ஆர்.சி. மாமி வீட்டுப் பெயரில் இருக்கிறது, மாமியே சொல்லட்டும் என்று மாட்டுங்காவுக்கு நடந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் "அதனால் என்ன, பரவாயில்லை" என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் படியேறினேன்.

ஜயம் மாமிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். பாலக்காட்டுக் குடும்பம், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே கட்டடம். கதவைத் திறந்தபோதே முகத்தில் கல்யாணக் களை.

"வாங்கோ வாங்கோ. டாக்டர் அனுப்பிச்சாரா? கார் ரெடியாயிடுத்தா? எங்காத்துக்காரர் போனப்பறம் அது கீழ நின்னு வீணாப் போறதைப் பாக்க முடியாமத்தான் குடுத்தேன். இப்போ புதுசா வந்துடுத்துன்னு அந்தப் பிள்ளை போட்டோ காட்டினான். எனக்கு ராத்திரி தூக்கமே வரலை, கேட்டேளா. பூஜைக்கு எந்தப் புடவைன்னுகூட எடுத்து வெச்சாச்சு. காபி?"

காபி வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன். உங்கள் கார் மக்கிப் போய்விட்டது மாமி. வந்திருப்பது வேறு கார். அதில் உங்கள் கார் என்று சொல்ல, உள்ளங்கை அகலத்துக்கு நம்பர் கொத்தின துண்டு மட்டும்தான் இருக்கிறது.

மாமி என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு வலது கையை விரித்துத் தன் முன்னால் நீட்டிக்கொண்டார்.

"இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமி."

"இதுலதான் நான் சந்தனம் வெப்பேன். வருஷா வருஷம். அவர் பானட்டைத் தூக்கிப் பிடிச்சுண்டு, 'சீக்கிரம்டி, கை வலிக்கறது'ம்பார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கோபம் வந்தது. "நீங்க வராமயே இருந்திருக்கலாம். நான் பாட்டுக்கு ஏறி ஒக்காந்து ஒரு ரவுண்டு போயிட்டு வந்திருப்பேன்."

"இப்பவும் போகலாம் மாமி. நீங்க சரின்னா நான் ஒண்ணும் எழுதல" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது அது.

மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கையை இன்னும் மடக்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ மீதிக் கார் யாராத்துது?"

"தெரியாது மாமி."

"தெரியாதுன்னா? அவா தேட மாட்டாளா? நானாவது என் கையால எடுத்துக் குடுத்தேன். போயிடுத்துன்னு எனக்குத் தெரியும், அழுது தீத்தாச்சு. அவா குடுத்தாளா, களவு போச்சான்னு யார் கண்டா? இன்னொருத்தர் காரை எங்காத்துக்காரர் பேரைச் சொல்லி நான் எழுதிக் குடுக்கணுமா? மாட்டேன். அந்தப் பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ."

தாராவியிலிருந்து நான் சுமந்துகொண்டு வந்த கேள்விக்கு 'அவா தேட மாட்டாளா' என்ற அந்த ஒரு வரிதான் பதில். யாருக்கு நஷ்டம் என்று டாக்டர் கேட்டார். நஷ்டப்பட்டவன் நம் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்க மாட்டான். அதனால்தான் எதிரில் இருப்பவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத் தெரிகிறார்கள். நம்மைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது அந்த அறையில் இல்லாதவனுக்காகவும்தான்.

மறுபடி தாராவி. இரண்டு பேரும் நான் விட்டுப்போன இடத்திலேயே இருந்தார்கள். டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. மாமி கேட்டதைச் சொன்னேன். மீதிக் கார் யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லையே, அதன் நம்பர் துண்டை வெட்டி எங்கே போட்டாய் என்று கேட்டேன்.

சுடலை எழுந்து உள்ளே போனான். கடை மூலையில் சுடலைமாடசாமி படம் இருக்கும். அதன் பக்கத்து ஆணியிலிருந்து ஒரு இரும்புத் துண்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். உள்ளங்கை அகலம். மேலே மஞ்சள், குங்குமம், பழையதின் மேல் புதுசாக. நடுவே அந்த வண்டி பிறந்தபோது கொத்தின நம்பர், பளிச்சென்று.

"கிரைண்டர் வச்சு அழிச்சு பங்கார்ல போட்டிருன்னான் புரோக்கர். இதுலயும் மஞ்சக் குங்குமம் இருந்துச்சு மச்சான். மராட்டிக்காரங்க வீட்டு வண்டி போல. எப்படிப் போட? இங்கன மாட்டிட்டேன். வெள்ளிக்கிழமையானா நானும் ஒரு பொட்டு வச்சிருதேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திருட்டுக்கு இருந்த ஒரே சாட்சிக்கு வாராவாரம் பூஜை செய்துகொண்டிருந்திருக்கிறான் இந்த மனுஷன்.

பேச்சிக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. அவள் கண் அந்தத் துண்டின் மேலிருந்து தரைக்குப் போனது. "கிரைண்டர் அங்கதான கெடக்கு" என்றாள் மெதுவாக. "ரெண்டு இழுப்பு. இந்தத் துண்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அண்ணன் என்ன எழுதினா என்ன?"

நான் தடுத்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அசையாமல் நின்றேன். சுடலை துண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"சாமிக்கு வச்சத என்னையே சுரண்டச் சொல்லுதியா நீ?"

பூஜைக்கு வாங்கி வைத்திருந்த புதுத் தோள்துண்டை உதறி, அதில் அந்த இரும்பைச் சுற்றினான். சட்டையை மாட்டிக்கொண்டு "வாங்க மச்சான், போலீஸ் டேஷன் வரைக்கும் துணைக்கு வாங்க" என்றான்.  வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். பேச்சி அந்த டீயைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மற்றது எல்லாம் சட்டுச்சட்டென்று நடந்தது. என் ரிப்போர்ட்டில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். டாக்டர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். புரோக்கர் ஊரைவிட்டு ஓடி, பிறகு மாட்டினான். அந்த நம்பரை வைத்து வீட்டையும் கண்டுபிடித்தார்கள். தானேயில் ஒரு வயதான மராட்டியர். காரை ரிப்பேருக்கு விட்டிருக்கிறார். காரேஜ்காரர் இறந்துபோய், இடம் கைமாறி, வண்டி மாயமாகிவிட்டது. அன்றே புகார் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடையாளம் காட்ட அவர் வந்த அன்று நானும் சுடலையும் ஸ்டேஷனில் இருந்தோம். அவர் காரைவிட அந்தத் துண்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். பழைய குங்குமம் அவர் மனைவி வைத்ததாம். மேலே இருக்கிற புதுப் பொட்டு யார் வைத்தது என்று மராத்தியில் கேட்டார்.

"மைனே, சாப்" என்றான் சுடலை, நான்தான் ஐயா என்று.

பெரியவர் எழுந்து வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. நன்றி என்றார். இன்ஸ்பெக்டர்கூட, புகாரில் டிங்கர் பெயரை மட்டும் விட்டுவிடலாமா என்பதுபோல அவரைப் பார்த்தார். பெரியவர் தலையசைத்து மறுத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லாப் பெயரும் இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் சுடலை சொன்னான்: "அவரு செஞ்சதுதான் சரி மச்சான். வெட்டுனது நான்தான? ஆனா இத பேச்சிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா அடிக்க வாரா."

கேஸ் இன்னும் நடக்கிறது. சுடலை ஜாமீனில் இருக்கிறான்; கடை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்து, இப்போது பாதி வேலை வருகிறது. மாமி ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை போன் செய்து, போலீஸ் வெட்டியெடுத்துச் சாட்சியாக வைத்திருக்கிற தன் நம்பர் துண்டு பத்திரமா என்று கேட்கிறார். நீங்கள் துணியை எடுப்பதற்கு முன்னால் அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணைச் சுற்றிப் பாருங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். போனால் டீ வரும், சூடாகவே வரும். நாற்காலி சுவரோரமாகத்தான் இருக்கும். உட்கார் என்று அவள் சொல்வதில்லை. நின்றபடியே குடித்துவிட்டு வருகிறேன்.